நுனி சாய்வது

டவுன் ஹால் ரோட்டில் சிக்கந்தர் கடை.
கேரம் போர்டு, கிரிக்கெட் பேட், ஆண்டு விழாக் கோப்பைகள்.
அவற்றுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து
மூட்டு வலிக்காரர்கள் விட்டுப்போன கைத்தடிபோல
மூன்று புட்டர்.
"கொடைக்கானல்ல ஒரு பங்களாவைக் காலி பண்ணாங்க மேடம்,
லாட்டுல வந்துச்சு.
இதை வச்சு என்ன செய்யிறதுன்னே தெரியல."

எனக்குத் தெரியும்.
ஊட்டியில் நாலு வருடம் வேலை பார்த்தபோது
தொற்றிய வியாதி.
மாற்றலாகி மதுரை வந்தும் தீரவில்லை.
கூடல் நகர் மொட்டைமாடியில் பச்சைப் பாய் விரித்து,
எவர்சில்வர் டம்ளரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து,
இரவுதோறும் ஆறடித் தூரம்.
பத்துக்கு ஏழு தவறும்.
ஏழும் வலப்பக்கம்.

முதலாவதை ஆள்காட்டி விரல்மேல் கிடத்தினேன்.
சமன் கண்டதும்
முகம் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்தது.
நேராய் இழுத்து நேராய் அனுப்புகிறவர்களுக்கு இது.
இரண்டாவது மெல்லிய பிளேடு. அதே விரல்.
நுனி மட்டும் தொங்கியது,
திருமங்கலம் பஸ்ஸில் தூங்குகிறவர் தலைபோல.
கதவு திறந்து மூடுகிற மாதிரி
வளைவாய் வீசுகிறவர்களுக்கு.
மூன்றாவதற்குக் காம்பு கழன்றிருந்தது,
கனத்த மாலெட் தலை மட்டும்.
அடியில் 350 என்று பொறித்திருந்தது.

"முதலாவதுதான்" என்றேன், யோசிக்கவேயில்லை.
வீட்டில் இருப்பதும் அந்த ரகம்தான்.
இருபத்திரண்டு வருடம் எடையளவு ஆய்வாளர்.
மாட்டுத்தாவணிக்குள் என் ஜீப் நுழைந்தால்
தராசுத் தட்டுக்கு அடியிலிருந்து
காந்தங்கள் இறங்கி ஓடும்.
நானா வளைவாய் வீசுவேன்?

"சும்மா அடிங்க, எடுத்துப் பாத்துருவோம்."
சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கோடு.
ஸ்டூலில் ஏறி, செல்போனைத் தலைகீழாய்ப் பிடித்து
சிக்கந்தர் நின்றார்.
பந்தில்லாமல் ஐந்து வீச்சு.

"வளைஞ்சு போகுது மேடம்."
"போன் சாய்ஞ்சிருக்கும்."
"போன் சாயல. கோடு நேராத்தான இருக்கு?"

மெதுவாய் ஓடவிட்டுப் பார்த்தோம்.
பின்னால் போகையில் கோட்டை விட்டு உள்ளே,
என் வலது பாதத்திடம் ஏதோ கேட்கப் போவதுபோல;
திரும்பி,
பந்து இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கோட்டைத் தொட்டு,
மறுபடி உள்ளே.
ஐந்தும் அதே வளைவு. மயிரிழை பிசகில்லை.
தப்பென்றால்
ஐந்து விதமாய் இருந்திருக்கும்.

மனசு ஆறாமல்
மாலெட் தலையைத் தூக்கிக்கொண்டு போய்ப்
பக்கத்து ஆணிக் கடைத் தராசில் வைத்தேன்.
362.
முத்திருளாண்டி போல்ட்டு அள்ளுவதை நிறுத்தினார்.
என்னைத் தெரியும் அவருக்கு.
முத்திரை போன காலாண்டோடு முடிந்திருந்தது.
கைப்பையில் நோட்டீஸ் படிவம் ஏழு தாள்.
"நாளைக்குத் திங்கக்கிழமை" என்றேன்,
"காலையில கொண்டாந்து சரிபண்ணிக்குங்க."
என் குரல்தான் அது.

நுனி சாய்ந்ததற்கு எண்ணூறு கேட்டார் சிக்கந்தர்,
அறுநூறுக்கு முடிந்தது.
முப்பத்தைந்து அங்குலம் எனக்கு அதிகம்.
சிம்மக்கல் சைக்கிள் கடையில் இரண்டை அறுத்தார்கள்.
அறுத்த துண்டையும் தாளில் சுற்றித் தந்தார்கள்,
எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

இரவு, மாடி.
முதல் பந்து இடப்பக்கம் போனது.
இடப்பக்கம்!
இத்தனை வருடத்தில் ஒரு நாளும் போகாத பக்கம்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது டம்ளர் விளிம்பில் பட்டு
தெருவுக்கே கேட்கிற மாதிரி ணங்கென்றது.
கீழ்வீட்டு மங்கையர்க்கரசி குரல் கொடுத்தாள்,
பையனுக்குக் காலையில் கெமிஸ்ட்ரி பரீட்சையாம்.
"இன்னும் ஒண்ணுதான்" என்றேன்.

பாயின் கோட்டைப் பார்க்காமல்
நாலாவது பந்தின்மேல் குனிகிறேன்.
கதவு திறக்கிறது.