வெறும் வயிறு

நெமுரோ மீன் ஆலையின் பின்வாசலில்
அக்டோபர் இரண்டாம் செவ்வாய்
இருட்டோடு வந்து நிற்கும் எங்கள் பேருந்து.
வெள்ளை வண்டி. பக்கவாட்டில் சிரிக்கிற நுரையீரல் ஒன்று;
யார் வரைந்ததோ, அதற்குப் பல்லும் உண்டு.

நான் மூன்றாம் நாற்காலி. ரத்தம் எடுப்பவள்.
வலிக்காது, கைராசிக்காரி என்று
என் வரிசை மட்டும் படி இறங்கி
ஐஸ் பெட்டிகள் வரை நீளும்.
பதினாறு வருஷத்தில் ஒரு முகமும் மனதில் நின்றதில்லை.
முகங்கள் ஊசிக்குப் பயந்து ஜன்னல் பக்கம் போய்விடும்.
என்னிடம் மிஞ்சுவது முழங்கை மடிப்பு.

செதில் ஒட்டிய குராமோச்சியின் கை:
கப்பல் கயிறுபோல் நரம்பு,
கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம்.
கணக்குப் பிரிவு இவாபுச்சிக்கு
வெந்நீர்ப் பை வைத்துக் கெஞ்சினால்தான்
இடது கையில் ஒன்று எட்டிப் பார்க்கும்.

ஒரு வாரமாக பீரைத் தொடாதவர்கள் வருகிறார்கள்,
பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகம் திறந்தவனின் தைரியத்தோடு.
நான் சொல்வதில்லை:
மூன்று மாதச் சர்க்கரையை மறக்காத எண் ஒன்று உண்டு,
அதனிடம் லஞ்சம் செல்லாது.

"ஏதாவது சாப்பிட்டீர்களா?"
"ராத்திரி ஒன்பதுக்குமேல் பச்சைத் தண்ணீர்கூட இல்லை"
என்கிறார் பாரந்தூக்கி ஓட்டும் நிஷிகோரி.
மீசையில் ஒரு பருக்கை.
நான் பருக்கையைப் பார்க்கிறேன்.
நான் பார்ப்பதை அவர் பார்க்கிறார்.
"ஒரே ஒரு சோற்று உருண்டை."
"உள்ளே என்ன?"
"ஊறுகாய் ப்ளம்."
படிவத்தில் ப்ளம்முக்கு இடமில்லை.
உணவுக்குப் பின், ஒரு மணி நேரம், என்று எழுதினேன்.

நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
மூன்றாம் முறை கூப்பிட்டபின்தான்
அது குராமோச்சியின் எண் என்று உறைத்தது.
ஓய்வு பெற்றிருக்கலாம். மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.
போன வருஷம் அவர் குழாயை
ஐந்து தரம் கவிழ்த்து நிமிர்த்தி அடுக்கில் வைத்தேன்.
என் வேலை அதோடு சரி.
அதற்குள் என்ன இருந்ததென்று
எனக்கு யாரும் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டு புதிய கை.
வியட்நாமிலிருந்து வந்து ஐந்து மாதம். லுயென்.
கத்தி பிடித்த விரல்களில் நீலப் பிளாஸ்திரி.
'குடும்பத்தில் நோய்' என்ற கட்டத்தில்
குழந்தை எழுத்தில் எழுதியிருக்கிறாள்:
அப்பா. மெலிந்துகொண்டே போனார்.

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பும்போது
இவள் மட்டும் ஊசியையே பார்த்தாள்.
குழாய் நிறைவதைப் பார்த்தாள். பிறகு என்னை.
"முடிவு யாருக்குப் போகும்?"
"உறையில் வரும். உங்கள் பெயருக்கு."
அது பொய்யில்லை.
இன்னொரு பிரதி ஆலையின் மாடி அறைக்குப் போகும்.
அதுவும் பொய்யில்லை, ஆனால் வாயில் வரவில்லை.
"ஏதாவது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?"
பஞ்சை அழுத்திப் பிடியுங்கள் என்றேன்.
ஐந்து நிமிடம், விடாமல்.
அவள் விடவில்லை. படியிறங்கும்போதும்
கை மடங்கியே இருந்தது.

மத்தியானம் வரிசை தீர்ந்தது.
அப்பால் கடலில் குனாஷிரி, தெரிந்தும் தெரியாமலும்.
நிஷிகோரி திரும்பி வந்து
தாள் சுற்றிய உருண்டை ஒன்றை மேசையில் வைத்தார்.
"இரண்டு கட்டிக் கொடுத்தாள். ஒன்றுதான் தின்றேன், பாருங்கள்."
சாட்சிப் பொருளைப்போல் அதை விட்டுவிட்டுப் போனார்.

ஊழியர் முறை கடைசியில்.
என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.
நரம்பில் நான் இவாபுச்சியின் இனம்;
கூட வேலை செய்யும் பெண் இரண்டு தரம் குத்தி
மன்னிப்புக் கேட்டாள்.
"ஏதாவது சாப்பிட்டீர்களா?"
அதே கேள்வி, அதே குரல், நான் பழக்கிய குரல்.
மேலங்கிப் பையில் அந்த உருண்டை
தொடையில் கனத்தது.
"இன்னும் இல்லை" என்றேன்.
என் முடிவுக்கும் பிரதிகள் இரண்டு.
இத்தனை வருஷத்தில் இன்றுதான்
இரண்டாவது எந்த மேசைக்குப் போகிறதென்று யோசித்தேன்,
ஜன்னல் பக்கம் திரும்பியபடி.