ஐந்தாம் எண்

பதினோரு வருஷம் நான் பார்த்தது
மதலைமுத்துவின் முதுகைத்தான்.
கோல்கீப்பருக்கு வாய்த்தது அவ்வளவே.

மேக்னசைட் தூசி வெளுத்த சட்டை.
வெரோணிக்கம்மாள் தைத்த ஐந்து
ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.
கேப்டன் திரும்பமாட்டார்.
பின்னால் இடது கை மட்டும் அசையும்:
தள்ளி நில்.
நிற்பேன். பந்து அங்கேதான் வரும்.

டாஸில் எப்போதும் தலை.
காசில் ராஜா போய்ச் சிங்கம் வந்த பிறகும் தலை.
மழையில் ஊறிய தோல்பந்து, செங்கல் கனம்;
அதற்கும் தலை.
ரயில்வேயோடு அரையிறுதியில் நெற்றி கிழிந்து,
துண்டைக் கட்டிக்கொண்டு
இன்னும் நாலு முட்டு.
தோற்றோம்.
சூரமங்கலம் வரை யாரும் பேசவில்லை.

இப்போது ஏற்காட்டில், மகள் வீடு.
யாருப்பா நீ என்றார், மூன்று தடவை.
பேர் சொன்னேன், மூன்று தடவை.
ஜன்னலில் பனி. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
கிளம்ப எழுந்தேன்.

முதுகுக்குப் பின்னால்
இடது கை அசைந்தது.

தள்ளி நின்றேன்.