சேற்றுக்கும் ஒரு டிக்கெட்

சிதம்பரத்திலிருந்து வந்த பஸ்ஸில்
இருபது லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று
சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியது.
மூடியில் நீல மசி: பாக்கியவேல், சின்னூர்.
உள்ளே வெள்ளாற்று முகத்துவாரம்,
கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு.
மூக்கைப் பொத்திக்கொண்டே கண்டக்டர்
அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்திருந்தார்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு.
எதிரொலிக் கருவி ஆறடியில் தரை என்கிறது,
கயிற்றில் விட்ட ஈயக்குண்டு
ஒன்பதில்தான் நிற்கிறது.
நடுவில் கிடக்கும் மூன்றடி
தண்ணீரா மண்ணா?
படகு போகுமா?

சூரமங்கலத்தில், டயர் கடைக்கு மேலே எங்கள் ஆய்வகம்.
கடலை நாங்கள் காலண்டரில் பார்ப்பவர்கள்.

லிட்டருக்கு நூறு கிராம் மண்:
சுழல்தண்டு மோர் கடைந்தது.
இருநூறு, கம்பங்கூழ்.
இருநூற்றைம்பதிலும் சாய்த்தால் ஓடியது.
முந்நூறில்
குவளையைக் கவிழ்த்தும் இறங்கவில்லை.
கூடியது ஐம்பது கிராம்,
அடம் ஐந்து மடங்கு.
அதுவரை ஒரு முணுமுணுப்பும் இல்லை அதனிடம்,
கல்யாண வீட்டில்
ஒரு சொல் கூடிப்போகிறவரை
எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பதுபோல.

மறுநாள் அதே முந்நூறு
கஞ்சித்தண்ணியாய் ஓடியது.
கருவியைத் திட்டினேன், மின்சாரத்தைத் திட்டினேன்.
ரஹ்மத்நிசா மெதுவாகச் சொன்னாள்:
"நாத்தம் தாங்கல,
மேட்டூர் தண்ணியில நாலு தரம் அலசிட்டேன்."
உப்பு போன களிமண்ணில்
துகளுக்குத் துகள் பிடிப்பில்லை.
கீழே போய்க் கல்லுப்பு வாங்கி வந்தாள்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
சேறு மறுபடி தன்னைக் கோத்துக்கொண்டது.

மணலையும் போட்டுப் பார்த்தோம்.
கொஞ்சமாய்ப் போட்டபோது
அரிசியில் கல்லாய் அங்கங்கே கிடந்தது,
சேறு கண்டுகொள்ளவில்லை.
பாதியைத் தாண்டியதும்
மணலும் மணலும் தொட்டுக்கொள்ள,
தண்டு நறநறத்தது என் கடைவாயில் கேட்டது.

கொழுந்தன் திருமூர்த்தி
ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் மாவுத்தொட்டி பார்ப்பவன்.
மரவள்ளிப் பாலைக் குத்தினால் கல்,
கையை விட்டால் தண்ணீர் என்பான்.
இது தலைகீழ்.
கிளறக் கிளற இளகும்,
சும்மா விட்டால் இறுகும்.
இரண்டு ரகத்தையும்
ஒரே வீட்டில் வைத்துச் சமைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு வேளையில் சுவர் வரைபடத்தில்
வெள்ளாற்றை விரலால் எதிரேறினேன்.
விரல் கிழக்கே தொடங்கி
ஆத்தூர் தாண்டி, வசிஷ்ட நதி தாண்டி
சட்டத்தை விட்டு வெளியே வந்தது.
அங்கே ஜன்னல். ஜன்னலில் சேர்வராயன் மலை.
போன ஐப்பசியில் ஏற்காட்டுச் சாலையில்
ஒரு வளைவின் மேலிருந்த செம்மண்
காலையில் மலையாக இருந்தது,
மதியத்தில் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.
அதற்குக் கூடிப்போனது ஒரு மழைத் தண்ணீர்.
எந்த ஐப்பசியிலோ அப்படிக் கிளம்பியதில் ஒரு கரண்டி
இந்த வாளியிலும் இருக்கலாம்.
கீழே போகும்போது அதற்கு யாரும் டிக்கெட் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாலையில் போன்.
"அக்கா, படகு போகுமா?"
"ஓட்டிக்கிட்டே இருந்தா போகும்.
நடுவுல இன்ஜினை அணைக்காதீங்க."
"பீடி பத்தவைக்கிற நேரம்?"
"பத்து நிமிஷத்துல ரெண்டு மடங்கு இறுகுது."
அவர் சிரிக்கவில்லை.
காற்று மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"போன மாசம்
இருபது நிமிஷம் நின்னுட்டோம்" என்றார்.
யார் யார் என்று நான் கேட்கவில்லை.

அறிக்கையில் மூன்று அட்டவணை, ஒரு வளைகோடு,
முந்நூறுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி.
வாளியை நான்தான் கழுவினேன்.
கறுப்புத் தண்ணீர் சாக்கடையில் இறங்கி
திருமணிமுத்தாற்றுப் பக்கம் திரும்பியது.
இந்த முறை காவிரி வழி.