மூன்றாவது துடுப்பு

கப்பலூரில் எங்கள் ஷெட்டுக்குப் போர்டு கிடையாது.
பஸ்ஸுக்கு முன்முகம், மண்டப வாசலுக்கு யானைத் தலை,
ஒருமுறை ஜூஸ் கடைக்கு எட்டடியில் மாம்பழம்.
கண்ணாடி இழையில் எது கேட்டாலும் செய்து தருவோம்.
ராக்கெட்டை யாரும் கேட்கவில்லை.

அதனால் அதை ராத்திரியில் செய்தோம்.
பகலில் முடியவும் முடியாது.
கலக்கிய எபாக்ஸி நாற்பது நிமிஷம் தாங்கும் என்று
டப்பாவில் அச்சடித்தவன்
அக்கினி நட்சத்திரத்தில் மதுரைப் பக்கம் வந்திருக்க மாட்டான்.
பத்தாவது நிமிஷம் பேப்பர் கப் கையைச் சுட்டது,
புகைந்தது,
குச்சியைக் கவ்விக்கொண்டு கல்லானது.
"கப்புலயே விட்டுட்டியே ராஜகனி" என்றான் ஒச்சப்பன்.

பி.வி.சி. குழாய்மேல் மெழுகு,
மெழுகின்மேல் துணி, பிசின், துணி, பிசின்.
காய்ந்ததும் உருவினால் வரவில்லை.
நடு ராத்திரியில் இரண்டு பேர் இரண்டு முனையில்
ஒரு குழாயைப் பிடித்து இழுப்பதை
வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

தேய்க்கும் முன் முழங்கைவரை பவுடர் பூசிக்கொள்வேன்.
என்ன பூசினாலும்
கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாது,
போர்வைக்குள் தெரியும்.

பாராசூட்டைப் பந்தடித் தெரு பத்மினி தைத்தாள்.
எட்டுத் துண்டு நைலான், இரட்டைத் தையல்.
"எந்த சைஸ் ஆளுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.
எடை பார்க்கப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினோம்.
ஐந்து கிலோ நானூறு.
ஃபைபருக்கு விலையில்லை, கழற்றிக் கொடுத்தால்
போல்ட்டுக்குத் தரலாம் என்றார் கடைக்காரர்.

உயரம் அளக்கும் கருவியை அன்வர்தீன் கொண்டுவந்தான்.
ஊறுகாய் பாட்டிலுக்குள் வைத்து மூடிக் காற்றை உறிஞ்சினோம்,
மெல்லத் திரும்ப விட்டோம்.
ஆயிரத்து இருநூறு மீட்டர் போய் வந்ததாகப்
பீப் பீப் என்று எண்ணிச் சொன்னது.
மேசையை விட்டு நகரவில்லை அது.
பாட்டிலில் எலுமிச்சை வாசம் வேறு.

மூன்றாவது துடுப்பை ஒட்டும்போது கரண்ட் போனது.
ஒரு கையில் செல்போன் வெளிச்சம், மறுகையில் துடுப்பு.
யாரோ கை மாற்றினோம்.

மறுநாள் அலுமினிய ஆங்கிளை வைத்துப் பார்த்தேன்.
ஒரு டிகிரி.
ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் கூட.
யார் கை என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.
மரக்கட்டையை வைத்துத் தட்டினேன்,
வெண்கலம்போல் ஒலித்தது, அசையவில்லை.
வெளிச்சுவரைத் துளைத்து உள்குழாய்வரை போய்
நான் வழித்துவிட்ட பிசின்,
ஆறு இடத்தில் பிடித்திருக்கிறது.
ரம்பத்தை எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
"போகும்" என்றான் அன்வர்தீன். "சுத்திக்கிட்டே போகும்."

மோட்டார் வரவில்லை.
அனுமதிக் கடிதம் எந்த மேசையில்
எந்த ஃபைலின் அடியில் இருக்கிறதோ.
மோட்டாரின் இடத்தில் அதே எடைக்கு
ஆற்று மணலைப் பையில் கட்டித் திணித்தோம்.
மூக்கில் டயர்க் கடை ஈயம் இரண்டு கட்டி.
எடை சமன்படும் இடத்தில் கயிறு போட்டு
நேற்று ராத்திரி உத்திரத்தில் தொங்கவிட்டோம்.
பெரிய ஃபேனை அதன் முன்னால் வைத்தேன்.

முதலில் வால் ஆடியது.
போகிற வழி தெரியாத ஆள்போல
அரைவட்டம் போனது, திரும்பி வந்தது.
பிறகு மூக்கு
காற்று வந்த திசையைப் பார்த்து
நின்றது.

ஒச்சப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
ஃபேனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.
திரும்பியது.
கதவுப் பக்கம் வந்தான்.
திரும்பியது.
குடு என்று நான் வாங்கிக்கொண்டேன்.
அப்புறம் அன்வர்தீன்.
ஒயர் நீளும் தூரம்வரை சுற்றிச் சுற்றி,
விடியும்வரை மூன்று பேரும் இதையே செய்தோம்.

ஏழு மணிக்குத் திருமங்கலம் பஸ்காரர் வந்து
முன்முகம் ரெடியா என்றார்.
மூலையில் அது
ஹெட்லைட் இல்லாத இரண்டு ஓட்டையோடு சாய்ந்திருந்தது.
சாயங்காலம் என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.