எச்ச உம்மை

குழியின் விட்டம் நான்கு மீட்டர் பத்து.
ஆழம், தண்ணீர் நிற்பதால், சரியாகத் தெரியவில்லை.
யாரினா முழங்காலிட்டு அளவுநாடாவைச் சுருட்டுகிறாள்.
இந்த வயலில் அவளுக்கு அனுமதித்த அகலம் ஒரு மீட்டர்.
இருபுறமும் சிவப்பு வெள்ளை நாடா,
நாடாவுக்கு அப்பால் கண்ணிவெடி,
கண்ணிவெடிமேல் நடந்து புழு தேடும் வானம்பாடி.
அதற்கு எடை போதாது.

வெர்போவா பால்கா என்றால் வில்லோ மரத்துப் பள்ளம்.
மரங்கள் பதுங்குகுழிக் கூரைகளாகிவிட்டன.
முன்னால் போகும் தெம்யான்
கம்பியால் மண்ணைத் தொட்டுத் தொட்டுக் கேட்கிறான்,
தூங்குகிறவனை எழுப்பப் பயந்தவன் போல.

கரிசல். ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பு.
விரல்கடை மண் சேர நூற்றாண்டு ஆகுமென்று
அவள் பாடநூலில் இருந்தது.
இங்கே அடியிலிருந்த மஞ்சள் களிமண் மேலே கிடக்கிறது.

இருபது சென்டிமீட்டருக்கு ஒரு பை.
பைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு கையெழுத்து,
கையெழுத்துக்குச் சாட்சியாகத் தெம்யான் கையெழுத்து.
ஈயம், செம்பு, ஆன்டிமனி,
எரிந்து முடியாத வெடிமருந்து.
ஆய்வகம் சொல்லும்.
நீதிமன்றம் கேட்கும், என்றைக்காவது.

சட்டத்தில் மூன்று சொற்கள்:
சேதம் பரந்ததும் நீடித்ததும் கடுமையானதுமாக இருக்க வேண்டும்.
மூன்றும் வேண்டும். இரண்டு போதாது.
அவள் மொழியில் இணைப்புக்கு ஒற்றை எழுத்து.
என் மொழியில் அது ஒவ்வொரு சொல்லின் வாலிலும் தொங்குகிறது.
எண்ணும்மை என்பார் இலக்கண ஆசிரியர்,
பலகையைத் துடைத்துக்கொண்டே.

நான்கு மீட்டர் பத்து, பரந்ததா?
நீடித்தது என்றால் எத்தனை அறுவடை?
ப்ரோகிப்பின் சூரியகாந்தி மூன்று வருடமாக
தானே உதிர்ந்து தானே முளைத்துத்
தலை சிறுத்துக்கொண்டு வருகிறது.
கடுமை? அதை அளக்கும் நாடா அவள் பையில் இல்லை.

பையை மூடும்போதுதான் பார்த்தாள்.
குழித்தண்ணீரில் ஏதோ அசைந்தது.
தலைப்பிரட்டைகள்.
எண்ணெய்ப் படலத்துக்கு அடியில், வால் துடிக்க.
மழை தேங்கியதைக் குளமென்று நம்பி
எந்தத் தேரையோ இட்டுப் போனவை.

"இதை எங்கே எழுதுவாய்?" என்றான் தெம்யான்.
படிவத்தில் 'உயிரினங்கள்' என்பதற்குக் கீழே
'இறந்தவை, எண்ணிக்கை' மட்டும்தான்.
தண்ணீரில் செம்பு இருக்கும், அவளுக்குத் தெரியும்.
அந்த மெல்லிய தோல் அதைத் தாங்காது என்றும் தெரியும்.
ஆனால் இவை நீந்துவதைக் காட்டி
எதிர்த்தரப்பு வக்கீல் ஒருநாள் சொல்லலாம்:
பாருங்கள், எவ்வளவு அழகான குளம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
தொலைவில் எங்கோ அடி விழுந்தது. தண்ணீர் வட்டமிட்டது.

பிறகு அவள் ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு
பிளாஸ்க் மூடியால் மொண்டாள்.
பதினொன்று சிக்கின.
மற்றவை சேற்றுக்குள் இறங்கிவிட்டன.
ஒரு மீட்டர் பாதையில் முன்னால் அவன்,
பின்னால் அவள், ததும்பாமல்,
தோளில் மண் பைகள், நெஞ்சோடு பிளாஸ்க்.

சாலைக்கு வந்தபின்தான் யோசித்தார்கள், எங்கே விடுவது?
ஆற்றுக்குப் போகும் வழியில் இன்னும் வெடி அகற்றவில்லை.
ப்ரோகிப் தன் மாட்டுத்தொட்டியைக் காட்டினார்.
மாடுகள் இல்லை. மழைநீர் இருந்தது.
ஊற்றியபின் குனிந்து எண்ணி, "பத்து" என்றார்.
"பதினொன்று."
"பத்துதான்."
மறுபடி எண்ணினார்கள், மூன்று பேரும்.

உம்மைக்கு எட்டுப் பொருள் உண்டு.
முற்றும்மை எதையும் விடாது: எல்லாமும் போயிற்று.
எச்ச உம்மை அப்படியல்ல.
தேரையும் வந்தது என்றால்
வேறு யாரோ முன்பே வந்திருக்க வேண்டும்,
அல்லது இனிமேல் வரவேண்டும்.
யாரென்று வாக்கியம் சொல்லாது.
இடம் விட்டுவைக்கும்.

யாரினா வண்டியின் பானெட்மேல் படிவத்தை விரித்து
கட்டத்துக்கு வெளியே, விளிம்பில், பென்சிலால் எழுதினாள்.
என் மொழியில் அது ஒரே சொல்:
தலைப்பிரட்டைகளும்.

இந்த வயலில் இன்னும் இருநூற்று ஆறு குழிகள்.