ஈயம்

கொம்பனி புதுத் தராசு கொண்டுவந்த அன்று
பழையதைக் கொளுக்கியிலிருந்து கழற்றினேன்.
படித்தட்டின் அடியில், கீல் பூசி ஒட்டியபடியே
அந்த ஈயம்.
வீச்சு வலைகளில் உதிர்ந்த மணிகளைப் பொறுக்கி
நானே உருக்கியது. நூறு கிராம்.
தன்னாமுனைக் கரையில் பதினொரு வருசம்
ஒவ்வொரு பறியிலும் அது முதலில் தின்றது.

தவக்காலம் தவறாமல்
சங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டவன் நான்.
கோபப்பட்டேன், பூசை தவறினேன்,
மச்சானைத் தூஷணத்தால் ஏசினேன் என்று
சில்லறையாய் எண்ணி வைப்பேன்.
ஈயத்தை மட்டும்
நாக்கின் அடியில் ஒட்டி வைத்திருந்தேன்.

இந்த முறை சொன்னேன்.
சொல்லும்போதே தெரிந்தது,
நான் பாவத்தை விடவில்லை,
பற்றரித் தராசைக் கண்டு பாவம்தான்
என்னை விட்டுப் போயிருக்கிறது.
அதையும் சொன்னேன்.
தட்டிக்கு அப்பால் ஃபாதர் கொஞ்ச நேரம் இருமினார்.
"திருப்பிக் குடுக்கத் தொடங்குங்க.
மறுகா வாங்க."

இரவு கொப்பியை விரித்தேன்.
அகத்தம்மாவுக்கு மட்டும்
வருசத்தில் இருநூறு நாள், பதினொரு வருசம்,
இருநூற்று இருபது கிலோ.
சகேயுவைப் போல நாலத்தனை என்றால்
எண்ணூற்று எண்பது.
சகேயுவுக்கு ஒரு மரம் இருந்தது,
இறங்கி வா என்று ஒரு குரல் இருந்தது.
நான் ஏறவேயில்லையே.

செம்மறியை வலப்பக்கமும்
வெள்ளாட்டை இடப்பக்கமும் பிரிப்பாராம்.
நானும் பிரித்திருக்கிறேன்
பெரிய இறால் இந்தப் பெட்டி,
பொடி இறால் அந்தப் பெட்டி.
ஒன்றின் முகத்தையும் பார்த்ததில்லை.

முதல் தவணை இருபதாயிரம்.
அகத்தம்மா முற்றத்தில் பறி காயவைத்துக்கொண்டிருந்தாள்.
வாவிக்குள் இடுப்பளவில் நின்று
தடவித் தடவிப் பிடிக்கிற கை,
இறால் முள் கீறிய கை.
சொன்னேன். நிமிரவில்லை அவள்.

"தெரியும் பஸ்தியான்.
என்ட கைக்குத் தெரியாத பாரமாகா?
அதுதான் நானும்
தண்ணி ஊத்தி ஊத்திக் கொண்டுவந்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சரிக்குச் சரி என்று
நோட்டுகளை மடிக்கப் போனேன்.

"என்ன மடிக்கிறாய்?
தண்ணிக்கு நான் ஆண்டவருக்குக் கணக்குச் சொல்லுவன்.
ஈயத்துக்கு நீ எனக்குச் சொல்லு."

எச்சில் தொட்டு எண்ணினாள். இரண்டு தரம்.
"மறுகா, அந்த ஈயம் எங்க?
மகன்ட வலைக்கு மணி காணாது."

கொப்பியில் இன்னும் பதின்மூன்று பெயர்.
இரண்டு பேர் சேமக்காலையில்.
அவர்களுக்கு எந்தத் தவணை,
யார் கையில்?

தராசோடு அவர் வந்தால் எனக்குப் பயமில்லை.
தட்டும் படியும் நான் அறிந்த வித்தை,
குறைந்தது குறைந்ததுதான் என்று தலைகுனிவேன்.
தராசில்லாமல் வந்து,
வெறுங்கையோடு எனக்கு முன்னால் குந்தி,
"பஸ்தியான், எவ்வளவு?" என்று
என்னையே கேட்டால்?

விடியப்புறம் வாவிப் பக்கம் பனி.
முதல் ஆளாய் அகத்தம்மா வந்தாள்.
பறியை வாங்கத் தராசடியில் கை நீட்டினேன்.
அவள் தரவில்லை.
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி
நின்றாள்,
சொட்டுச் சொட்டாய் என் காலடி மண் நனைய.

"பொறு," என்றாள்.
"தண்ணி வடியட்டும்."