முப்பத்தாறுக்கு இருபத்துநாலு

தீப்பெட்டியில் பாதி.
அவ்வளவுதான் இருக்கும் அந்தச் சென்சார்.
அதை ஒருநாள் வாடகைக்கு எடுக்க
டவுன்ஹால் ரோட்டு மாடிக்கடையில்
ஆதார் அட்டையையும் ஆயிரத்து எண்ணூறையும் வைத்தேன்.
என் சொந்தக் கேமராவில் இருப்பது
அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.
இன்னும் நாலு தவணை பாக்கி.

"வித்தியாசம் தெரியுமாண்ணே?" என்றான் ரீகன்,
லைட் ஸ்டாண்டுகளை வண்டியில் கட்டியபடி.
தெரியாது என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன்
மூன்று வருஷமாக, கேட்ட எல்லாரிடமும்.
இரண்டிலும் எடுத்ததை ஆல்பத்தாளில்
பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு
லேப்காரரையே கேட்டேன் ஒருமுறை.
தப்பாகத்தான் கைகாட்டினார்.
மிச்சத்தை வாட்ஸப் பார்த்துக்கொள்ளும்:
சின்னதோ பெரியதோ
எல்லாவற்றையும் ஒரே உரலில் போட்டு இடிக்கும்.
பிறகு எதற்கு வாடகை?
பெண்ணின் சித்தப்பா கேட்டிருந்தார்,
"பெரிய கேமராதானே தம்பி?"
அவர் கேட்டது உடம்பின் பருமனை.

செக்கானூரணி தாண்டி மண்டபம்.
நாலரை ஆறு முகூர்த்தம். வெளியே தூறல்.
நாலே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் மேடையை மட்டும் தாங்கியது.
பின்வரிசை நாற்காலிகள், பந்திக்குப் போகும் வழி,
கைகழுவும் இடம்,
எல்லாவற்றையும் இருட்டு வாங்கிக்கொண்டது.
கெட்டிமேளம் என்று யாரோ கத்தியபோது
மேடையின் இடது மூலையில் ஸ்டூல் போட்டு ஏறி
மண்டபம் முழுவதும் விழ அகலமாக ஒன்று எடுத்தேன்.
ரீகன் என் கேமராவில் அதையே,
என் தோளுக்குப் பக்கத்திலிருந்து.
அட்சதை அந்தரத்தில் நின்றது
இரண்டிலும்.

ராத்திரி, வில்லாபுரம் வீட்டில்,
நிழலை ஏற்றும் கோட்டை வலதுபக்கம் இழுத்தேன்.
என் கேமராவில் இருட்டு ரவையாகப் பொரிந்தது,
பச்சையும் சிவப்புமாய்,
கதவா ஆளா என்று தெரியாத ஒரு கரைசல்.
வாடகைக் கேமராவில்
இருட்டு மெதுவாக விலகி வழிவிட்டது.
குழாயடியில் ஒருவன்.
கக்கத்தில் ஹெல்மெட்.
மழைக்கோட்டுகூடக் கழற்றவில்லை.
வலது கை நீண்டு விரல்கள் விரிந்திருந்தன.
யாரும் அவன் முன்னால் தட்டை நீட்டியிருக்க முடியாத
அந்தத் தூரத்தில் நின்று
அவனும் அட்சதை போட்டிருக்கிறான்.
அரிசியை வீட்டிலிருந்தே கொண்டுவந்தானோ என்னவோ.

படம் தேர்ந்தெடுக்கச் சித்தப்பா வந்தார்.
அதில் வந்ததும் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மாயழகு" என்றார், என்னிடம் அல்ல.
வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவனாம்.
ஆறு வருஷமாம்.
பிறகு என்னிடம்,
"இந்த ஓரத்த வெட்டிருங்க தம்பி,
பொண்ணு மாப்பிள்ள இருந்தாப் போதும்."

வெட்டினேன்.
வெட்டிய பின் மிஞ்சியதை அளந்து பார்த்தேன்:
ஏறக்குறைய
என் சொந்தக் கேமராவின் அளவு.

பத்துநாள் கழித்து யோகராணி பேசினாள்,
திருப்பூரிலிருந்து, குக்கர் சத்தத்துக்கு நடுவில்.
"அண்ணே, தாலி கட்டும்போது
ஸ்டூல்ல நின்னு ஒண்ணு எடுத்தீங்கள்ல,
அதுல பின்பக்கம் ஏதாச்சும் விழுந்திருக்கா?"
யாரென்று அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
வெட்டாததை, சுருங்காதபடி ஃபைலாக அனுப்பினேன்.
எண்பத்திரண்டு எம்பி, ஏறி முடிக்க நேரமாயிற்று.
இரண்டு நீலக் குறி.
பதில் ஒன்றும் வரவில்லை.

ஃபோகஸ் லைட் நேராக முகத்தில்.
கழுத்தில் மாலை, குனிந்த தலை.
எழுபதடிக்கு அப்பால் கும்மிருட்டு.
அவள் எதைக்கொண்டு பார்த்தாள் என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த முகூர்த்தம் திருமங்கலத்தில்.
"அத எடுக்கணுமாண்ணே, நம்மதே போதுமா?"
கீழே வண்டியை உறுமவிட்டபடி கேட்கிறான் ரீகன்.
பர்ஸைத் திறந்து
ஆயிரத்து எண்ணூறு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.